மின்வெட்டு இல்லாத அறை

நான் வேலை பார்த்த பத்திரிகையில் இப்போது சோதனைப் பிரிவைக் கவனிக்கும் பெண் போன வாரம் ஃபோன் செய்தாள். வீட்டுப் பிரிண்டர்களை ஒப்பிடும்போது அவற்றைச் சில வாரம் சும்மா போட்டுவைத்து, நடுநடுவே வேண்டுமென்றே கரண்டைப் பிடுங்கி, அதற்குப் பிறகு அச்சடித்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று அங்கே உண்டு. அதை ஆரம்பித்து வைத்தவள் நான்தான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஐடியா எப்படி வந்தது என்று எழுதிக் கொடுத்தால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்ஸ்பிரேஷனாக இருக்குமாம்.

இன்ஸ்பிரேஷனாம்! அவளுக்கு ஆங்கிலத்தில் நாலு பத்தி எழுதி அனுப்பிவிட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதும் அதில் இல்லை. அதைத் தமிழில்தான் எழுத முடியும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் நடந்ததில் முக்கியமானது எல்லாம் தமிழில் நடந்தது.

நான் திருச்சிக்காரி. பி.எஸ்சி. பௌதிகம் முடித்த கையோடு கல்யாணம், மத்திய அரசு குமாஸ்தா மாப்பிள்ளை, தில்லியில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு பத்திரிகை ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வீடுகளுக்குள் வர ஆரம்பித்ததும், எதை வாங்கலாம் எதை வாங்கக்கூடாது என்று சோதித்துச் சொல்ல எங்கள் பத்திரிகை ஒரு பிரிவைத் தொடங்கியது. அதன் தலைவர் சேத்தி சார். "பிசிக்ஸ் படிச்சுட்டு ஏன் டைப் அடிச்சிட்டு இருக்கீங்க?" என்று கேட்டு என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அவர் பின்னாலேயே கொஞ்ச காலம் நடந்தேன், அவ்வளவுதான்.

சேத்தி சாரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒல்லியான பஞ்சாபி மனிதர். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். கம்பெனிக்காரர்கள் தீபாவளிக்குக் கொண்டுவரும் மிட்டாய்ப் பெட்டி எங்கள் வாசலைத் தாண்டாது. கம்பெனி அனுப்பும் மாதிரி மெஷினைத் தொடமாட்டார். அதைப் பொறுக்கி எடுத்துத்தானே அனுப்பியிருப்பார்கள் என்பார். நானே கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் நேரு பிளேஸுக்குப் போய், சாதாரண ஆள் மாதிரி கடைக்காரனிடம் பேரம் பேசி, பெட்டியை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வரவேண்டும். வந்ததும் முதல் வேலை, கம்பெனி பெயர் தெரியாதபடி ஸ்டிக்கர் ஒட்டி நம்பர் எழுதுவது. அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லா மெஷினும் நம்பர்தான்.

ஒவ்வொரு மெஷினும் அதே தாளில் அதே பக்கங்களை அடிக்கும். கடிதம் ஒன்று, கணக்கு அட்டவணை ஒன்று, சிவப்புப் பட்டும் ஜரிகையுமாக ஒரு கல்யாணப் பெண்ணின் படம். ஜரிகை மஞ்சளாகிவிட்டால் மார்க் குறைப்போம், முகம் சிவந்துபோனால் இன்னும் குறைப்போம். இந்தியில் பொடி எழுத்தில் ஒரு பக்கம் இருந்தது. நான் பிடிவாதம் பிடித்துத் தமிழிலும் ஒரு பக்கம் சேர்த்தேன். சாருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தச் சுழியெல்லாம் மை ஏறி அடைச்சுப் போச்சு, பாருங்க" என்று சரியாகச் சொல்வார். மை காய்ந்ததா என்று ஈர விரலால் தேய்த்துப் பார்ப்போம். தங்கம் நிறுக்கும் சின்னத் தராசில் மைப்பெட்டியை நிறுத்து, அடித்துத் தீர்த்து, மறுபடி நிறுப்போம். தாளைக் கையில் எடுத்தவர்கள் உடனே அபிப்பிராயம் சொல்லக்கூடாது. "பெஹ்லே தேக்கோ, ஃபிர் போலோ" என்பார் சார். முதலில் பார், பிறகு பேசு.

இதெல்லாம் நடந்த அறைதான் எங்கள் பெருமை. ஈரம் பட்டால் தாள் ஊறும், சூட்டில் மை மாறும், அதனால் எப்போதும் ஏசி. கரண்ட் போனால் கணக்கு குழம்பும், அதனால் ஜெனரேட்டர். மே மாதத்தில் தில்லி முழுக்கக் கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டு கிடந்தாலும் எங்கள் மெஷின்கள் ஒரு நொடி நிற்காது. காலையில் போட்டால் சாயந்திரம் வரை அடித்துக்கொண்டே இருக்கும். வந்தவர்களுக்கெல்லாம் அந்த அறையைக் காட்டுவேன். நாங்கள் லஞ்சம் வாங்குவதில்லை, சலுகை காட்டுவதில்லை, ஆகவே எங்களுக்குத் தப்பு வராது என்று நான் நிஜமாகவே நம்பியிருந்தேன்.

அந்த வருஷம் வீட்டுப் பிரிண்டர்களை ஒப்பிட்டபோது மூன்றாம் நம்பர் மற்றவற்றை அடித்துப் போட்டுவிட்டது. வேகம், தெளிவு, பக்கத்துக்கு ஆகும் மைச் செலவு எல்லாவற்றிலும் அதுதான் முதலில். ஐந்தாம் நம்பர் சரியான நத்தை. முக்கி முனகி ஒரு பக்கத்தைத் தள்ளுவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அதைக் கிண்டல் செய்து இரண்டு வரி எழுதியது நான்தான். சார் கூடச் சிரித்தார்.

அப்போது நாங்கள் மயூர் விஹாரில் சொந்த ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். எங்கள் பிளாக்கின் மொட்டைமாடி அறையில் கல்யாணி என்ற பெண் வாடகைக்கு இருந்தாள். கோவில்பட்டிப் பக்கம். புருஷன் முருகேசன் ராணுவத்தில் ஹவில்தார், எல்லைப் பக்கம் போஸ்டிங். மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்ததால் தாயும் மகளும் தில்லியிலேயே தங்கியிருந்தார்கள். கல்யாணி கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் டைப்பிங்கும் டிசைனும் கற்றுக்கொண்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தாள். பயோடேட்டா, ஜாதகம், காலேஜ் ப்ராஜெக்ட் என்று வீட்டிலிருந்தே அடித்துக் கொடுக்கவேண்டும் என்பது அவள் ஆசை.

ஒரு நாள் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, ஒரு ரோசனை கேக்கணும். இவுக சொல்லிட்டாக. அடுத்த லீவுல வரும்போது தொழில் ஓடுச்சுன்னா இங்கனயே இருந்துக்கோ, இல்லேன்னா ஊருக்குப் போயி அம்மாகூட இருன்னு. ஊருக்குப் போனா எனக்கு அடுப்படிதான்க்கா. அங்க யாரு என்னைய கம்ப்யூட்டர் பக்கம் விடுவா? நல்ல பிரிண்டரா ஒண்ணு சொல்லுங்க. நீங்கதான் அதுலயே இருக்கீகளே."

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. எங்கள் இதழையே எடுத்து வந்து, மூன்றாம் நம்பர் முதலிடத்தில் இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினேன். "கண்ணை மூடிட்டு இதை வாங்கு. என் பொறுப்பு" என்றேன். பஸ் ஏறி நேரு பிளேஸுக்கு நானே கூட்டிப் போனேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "எக்கா, மகராசியா இருப்பீக" என்றாள். என் பொறுப்பு என்று சொன்னேனே, அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

குளிர்காலம் நன்றாகவே போனது. ஒரு வாரம் இரண்டு பேர் வருவார்கள், அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். புதுத் தொழில் என்றால் அப்படித்தானே. வெயில் ஏறியதும் கல்யாணி எங்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தாள். எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது, சுத்தம் செய்யும் பட்டனை அழுத்தினால் கொஞ்சம் சரியாகிறது, மறுபடி விழுகிறது. மை வேறு மளமளவென்று தீர்ந்துபோகிறது.

"ரீஃபில் இங்க் போட்டியா?" என்றேன் எடுத்த எடுப்பில்.

"சத்தியமா இல்லைக்கா. நீங்க சொன்ன ஒரிசினலுதான் போடுதேன்."

"மூடி வைக்கிறியா? தூசி பட்டிருக்கும்."

"துணி போட்டு மூடித்தான்க்கா வைக்கேன். சாமி படம் மாதிரி வச்சிருக்கேன்."

ஒரு நாள் வேலைக்கு விண்ணப்பம் போட வந்த பையன், கோடு விழுந்த பயோடேட்டாவை அவள் மேஜையிலேயே கிழித்துப் போட்டுவிட்டுப் போனான். அவள் அழுதுகொண்டு வந்து நின்றாள். முருகேசன் லீவில் வரும் நேரம் அது.

இப்படிப் புகார் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சேத்தி சாரிடம் ஒரு கண்டிப்பான முறை இருந்தது. மெஷினைத் தூக்கி வரக்கூடாது. புகார் சொன்னவர் வீட்டுக்குப் போய், எதையும் தொடாமல் ஓரமாக உட்கார்ந்து, அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று ஒரு நாள் முழுக்கப் பார்க்கவேண்டும். நோயாளியை அவன் வீட்டில் போய்ப் பார் என்பார். முன்பின் தெரியாத வாசகர்களுக்காகத் தில்லியின் கோடியில் இருக்கும் ஷாதராவுக்கும் ரோஹிணிக்கும் போய் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். இது மாடியில் இருக்கிற பெண்தானே, தெரிந்த வீடுதானே என்று நினைத்தேன். மெஷினை ஆட்டோவில் ஏற்றி நேரே எங்கள் அறைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

அங்கே சுத்தம் செய்து, புது மைப்பெட்டி போட்டு, காலையிலிருந்து ஓட்டினேன். ஒரு கோடு இல்லை! ஜரிகை ஜரிகையாக வந்தது. சேத்தி சார் எட்டிப் பார்த்தார். "கர் பே தேக்கா?" வீட்டில் போய்ப் பார்த்தாயா என்று கேட்டார்.

"பார்த்தேன் சார். யூசர் மிஸ்டேக்" என்றேன். மாடிக்குப் போய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் மெஷினோடு மாடி ஏறியபோது முருகேசன் வந்திருந்தார். மரியாதையான மனிதர். எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கல்யாணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"மேடம், நீங்க இதே வேலையா இருக்கவுக. ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லுங்க. மெசின்ல குறையா, இவ கையில குறையா?"

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் இதழில் முதலிடம் கொடுத்த மெஷின் அது. அதைக் குறை சொன்னால் என்னையே குறை சொன்ன மாதிரி எனக்கு.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லைங்க. எங்க லேப்ல நாள் பூரா ஓட்டிப் பார்த்துட்டேன். அப்பழுக்கில்லாம இருக்கு" என்றேன்.

"இங்கன மட்டுந்தான்க்கா கோடு விழுது" என்றாள் கல்யாணி மெதுவாக.

"அப்போ கையாளுறதுலதான் ஏதோ தப்பு இருக்கு கல்யாணி."

முருகேசன் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. "சரிங்க மேடம். தெளிவாச் சொல்லிட்டீக" என்றார். அவள் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். நானும் அதைக் குடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி, கம்ப்யூட்டரை யாருக்கோ தள்ளிவிட்டு, அந்த லீவு முடிவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். போகிற அன்று கல்யாணி பிரிண்டரை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். ஊரில் கொண்டுபோய் என்ன செய்ய, உங்கள் மகளுக்காவது ஆகட்டும் என்றாள். பிறகு, "எக்கா, மன்னிச்சுக்கோங்க. நீங்க நல்ல மெசினாத்தான் சொன்னீக. நாந்தான் வச்சுக்கத் தெரியாமக் கெடுத்துட்டேன். ஒங்க பேரையும் கெடுத்துட்டேன்" என்றாள். பரவாயில்லை விடு என்று அவள் முதுகில் தட்டிக் கொடுத்தேன். மன்னித்தேனாம் நான், மகாராணி!

அந்த ஜூனில் என் மகளுக்கு விடுமுறை ப்ராஜெக்ட் இருந்தது. பிரிண்டரை ஹாலில் கூலருக்குப் பக்கத்தில் வைத்தோம். நாலாவது பக்கம் பாதி அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மயூர் விஹாரில் ஜூனில் கரண்ட் போவது ஒரு செய்தியா? வெளியே அனல் காற்று. கரண்ட் வரும்போது மத்தியானம் கழிந்துவிட்டது. மகள் மறுபடி அடித்தாள். "மம்மி, தேக்கோ நா, லைன்ஸ் ஆ ரஹீ ஹை" என்று கத்தினாள். என் கணவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உன் முதல் பரிசு மெஷின் கோடு போட்ட நோட்டு அடிக்குதுடி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்டே போய் மூடியைத் திறந்து பார்த்தேன். மை துப்பும் பகுதியை ஹெட் என்பார்கள். வேலை முடிந்ததும் அது ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடிக்குள் உட்கார்ந்துகொள்ளும், மை காயாது. அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் நட்ட நடுவில் வாயைத் திறந்தபடி நின்றுவிடும். தில்லி வெயிலில் மை காய்ந்து துளையெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதைத் திறப்பதற்கு மெஷின் தன் மையையே துப்பித் துப்பிக் கொட்டும். வாரக்கணக்கில் சும்மா கிடந்தாலும் இதே கதிதான். மூன்றாம் நம்பர் தெளிவாக அடிப்பதற்காக அதன் துளைகள் மிகவும் நுண்மையானவை, ஆகவே அதற்குத்தான் முதலில் அடைக்கும். மொட்டைமாடித் தகரக் கூரை அறையில் கல்யாணி இதைத்தான் பார்த்திருக்கிறாள். இங்கே மட்டும்தான் கோடு விழுகிறது என்று அவள் சரியாகவே சொன்னாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் சேத்தி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் போய் உட்காராமலே பார்த்தேன் என்று சொன்னதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"வசந்தா ஜி, நாம தில்லிக்காரங்களுக்காக டெஸ்ட் பண்ணலை. இந்த ரூமுக்காகப் பண்ணியிருக்கோம்."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லா மெஷினையும் மறுபடி கடையில் புதிதாக வாங்கச் சொன்னார். மாடிப்படிக்கு அடியில் ஏசி இல்லாத ஒரு சாமான் அறை இருந்தது. அதைக் காலி செய்து எல்லாவற்றையும் அங்கே வைத்தோம். ஒரு பக்கம் அடிப்பது, பிறகு நாள்கணக்கில் விட்டுவிடுவது, மறுபடி அடிக்கும்போது திடீரென்று மெயினை அணைப்பது. எப்போது அணைக்கவேண்டும் என்பதைச் சார் தன் கையில் வைத்துக்கொண்டார். ஆரம்பித்த அன்றைக்கே என்னிடம் கேட்டார். "அந்தப் பெண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?"

"ரிசல்ட் வரட்டும் சார். உறுதியாத் தெரிஞ்சதும் சொல்றேன்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஃபோனை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் அதைத் தொடவில்லை. இதழ் வரட்டும், அச்சில் வந்த பிறகு சொன்னால் கௌரவமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யார் கௌரவம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மழைக்காலம் முடியும்போது முடிவு தெரிந்துவிட்டது. நான் கிண்டல் செய்த நத்தை எத்தனை முறை கரண்ட் போனாலும் எழுந்து நின்று அடித்தது. மூன்றாம் நம்பர் கடைசி. சேத்தி சார் முதல் பக்கத்திலேயே தன் பெயரைப் போட்டு, நாங்கள் சோதித்த முறை தப்பு, அந்தத் தப்பு தன்னுடையது என்று எழுதினார். என் பெயர் ஒரு வரியில் வந்தது, புதிய முறையை வகுத்தவள் என்று. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். ஆபீஸில் சமோசா வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள், வாங்கிக் கொடுத்தேன். என் பங்கைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணி போகும்போது எழுதிக் கொடுத்த நம்பருக்கு வீட்டிலிருந்து கோவில்பட்டிக்கு ஃபோன் போட்டேன். அவள் மாமியார் எடுத்து, தில்லி என்றதும் "ஏ கல்யாணி" என்று சத்தம் கொடுத்தார். கல்யாணி மூச்சிரைக்க வந்தாள்.

"எக்கா! நல்லாருக்கீகளா? பாப்பா நல்லாருக்கா?"

நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். கரண்ட் போனால் என்ன ஆகிறது, எங்கள் அறையில் அது ஏன் தெரியவில்லை என்று ஹெட், ரப்பர் மூடி எல்லாம் விளக்கினேன். "உன் மேல எந்தத் தப்பும் இல்லை கல்யாணி. தப்பான மெஷினை உன் தலையில கட்டினது நான்தான். திரும்பி வந்துடு, நானே நல்ல மெஷினா வாங்கித் தர்றேன்" என்றேன்.



"மகளை இங்க சேத்தாச்சுக்கா. இனி எங்க வர" என்றாள். பிறகு, "இப்பச் சொன்னதை எங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்று ஃபோனைக் கொடுத்துவிட்டாள்.

ஹெட், ரப்பர் மூடி எதுவும் இப்போது வாயில் வரவில்லை. மெஷின்தான் சரியில்லைம்மா, நாங்கள்தான் தப்பாக எழுதிவிட்டோம் என்றேன்.

"அப்ப புள்ள மேல தப்பு இல்லங்கீகளா?"

"இல்லைம்மா. ஒரு தப்பும் இல்லை."

"இத எம்மவன் லீவுல வந்திருந்தப்பச் சொல்லிருக்கலாம்லம்மா? படிச்சவுக நீங்க சொன்னீகன்னு, எம்மருமக கைபட்டா மெசினு விளங்காதுன்னு ஊரு பூரா நானும்ல சொல்லிட்டுத் திரிஞ்சேன்." என்றார் அந்த அம்மா. "இப்ப நான் யாரு யாரு வீட்டுக்குன்னு போயிச் சொல்ல?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து கல்யாணியின் குரல் கேட்டது.

"விடுங்கத்தை. அக்காவுக்கு எஸ்டிடி பில்லு ஏறும்."

ஏறட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அங்கே ஃபோனை வைத்துவிட்டார்கள்.